பதவியில் உள்ளார் தமக்குப் பின் வருவார்க்கு வோட்டுக் கேட்டல் தகுமா?

(கள்ளக்குறிச்சியில் கூடிய நம் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் நாம் பேசிவந்த பொருள்கள் கேட்பதற்கு இனியவை. பெண்மக்கட்குக் கல்வி வேண்டும் என்றோம். கலியாணச் செலவைச் சுருக்க வேண்டும் என்றோம். அவற்றைக் கேட்டுக் கைகொட்டி மகிழ்ந்துவிட்டு, அடுத்த தைத் திங்களிலேயே ஆயிரம் பத்திரிகை அச்சிட்டு மூன்று வேளையும் பந்தி விரித்தவர்களும் நம்மில் உண்டு. அது நிற்க. இவ்வாண்டு நிருவாக சபையார் நமக்கு இட்ட பொருள் அத்தகைய இனிமை உடையதன்று. பதவியில் இருக்கும் தலைவர் ஒருவர், தமக்குப் பின் அப்பதவிக்கு வருதல் நலம் என்று தாம் கருதும் மற்றொருவர்க்காக ஊரெங்கும் சென்று வோட்டுக் கேட்கலாமா, ஆகாதா என்பதே அது.

இது வெறும் ஏட்டு வாதமன்று. நம் தலைவர் பெருமகனார் மூன்று தவணைகள் இப்பொறுப்பைத் தாங்கி, இனி நிற்பதில்லை என்று சென்ற திங்கள் இதழில் அறிவித்துவிட்டார்கள். அதன்பின் சின்னசேலம், தியாகதுருகம் கிளைகளைச் சார்ந்த அன்பர் சிலர், "ஐயா, போவது போகின்றீர்கள், தங்களுக்குப் பின் இன்னார் என்று காட்டிவிட்டு, எங்களோடு நான்கு ஊர் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்" என்று வேண்டினர். இதனைக் கேள்வியுற்ற சங்கராபுரத்தார், அவ்வாறாயின் தேர்தல் எதற்கு, பட்டாபிஷேகம் என்றே அழைப்பிதழ் அடிக்கலாமே என்று எழுதினர். தலைவர் அவர்கள் இரு சாராரையும் கடிந்துகொள்ளாமல், இதனைப் பொதுவில் வைத்துப் பேசுக என்று நம்மைப் பணித்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே இதனைப் பேச நேர்ந்தது நமக்குச் சிறிது கூச்சமே. ஆயினும் முதுகின் பின்னே பேசுவதினும் முகத்தின் முன்னே பேசுதல் மேலன்றோ?

வோட்டுக் கேட்கலாம் என்பாருடைய வாதத்தை முதற்கண் அதன் முழு வலிமையோடும் எடுத்துரைப்பதே முறை. ஒரு பொறுப்பின் உள்ளும் புறமும் அறிந்தவர் அதில் இருப்பவரே. மாணவர் விடுதிக்கு அரிசி எங்கே வாங்கினால் கட்டும், கல்வி நிதியில் கடன் பெற்றவருள் திருப்பித் தருபவர் யார், இழுத்தடிப்பவர் யார், மண்டபத்து வாடகையில் நிலுவை எவ்வளவு என்பவை கணக்குப் புத்தகத்தில் பாதியும் அவர் நினைவில் பாதியுமாக இருப்பன. பத்தாண்டு எருவிட்டுப் பண்படுத்திய நிலத்தைக் கைமாற்றுபவன், அடுத்து ஏர் பிடிப்பவன் எத்தகையவன் என்று பாராமற் போவானா? மேலும், தலைவரும் ஓர் அங்கத்தினரே. ஏனையோர்க்குள்ள நாவுரிமை அவர்க்கு மட்டும் இல்லையா?

இவ்வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. நாமும் எவரையும் வாய்மூடி இருக்கச் சொல்ல வரவில்லை. நாம் ஆராய வேண்டுவது வேறொன்று. பதவியில் உள்ளார் வந்து கேட்குங்கால், கேட்கப்படுபவர் 'மாட்டேன்' என்று சொல்லக் கூடிய நிலையில் இருக்கின்றாரா? விடுதியில் மகனைச் சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக் கல்வி உதவிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கும் தந்தை ஒருவர் வெள்ளிமலை அடிவாரத்தில் இருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். தலைவர் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கின்றார். மோர் கொண்டுவரச் சொல்கின்றார் அவர். தலைவர் ஒரு பெயரைச் சொல்லி, "பார்த்துச் செய்யுங்கள்" என்கின்றார். தலைவர் உள்ளத்தில் கள்ளம் சிறிதும் இல்லை. ஆனால் திண்ணையில் கேட்டது அவர் குரல் மட்டுமா? விடுதியின் குரலும், கல்வி நிதியின் குரலும் உடன் கேட்டன. அத்தந்தைக்கு அறிவு குறைவு என்று நாம் சொல்லவில்லை. அறிவுள்ளமையாற்றான் அவர் எல்லாக் குரலையும் கேட்டார்.

தனக்குக் கிடைக்கும் உடன்பாட்டை ஆட்சியில் உள்ளவனே ஐயுற வேண்டும் என்பதைக் கம்பர் நன்கு உணர்ந்திருந்தார். அயோத்தியா காண்டத்து மந்திரப் படலத்தில் தயரதன் தன் மூப்பைச் சொல்லி, இராமனுக்கு முடிசூட்ட விரும்புதலை அமைச்சர்க்கும் பின்னர் வேந்தர்க்கும் வெளியிடுகின்றான். வேந்தரெல்லாம் மகிழ்ந்து உடன்படுகின்றனர். காரியம் முடிந்தது என்று அவன் எழுந்துவிடவில்லை. மகன்மேல் உள்ள அன்பினால் மயங்கி யான் இதனைச் சொன்னேன். நீவிர் இசைந்தது என்னை உவப்பித்தற்கோ, உங்கள் உள்ளமே அதுதானோ, என்ன தகுதி கண்டு இசைந்தீர் என்னும் கருத்துப்பட மீட்டும் வினவுகின்றான். வான்மீகியார் நூலிலும் இவ்வினா உண்டு. அதற்குப் பின்னரே அரசர்கள் இராமனுடைய குணநலங்களை எடுத்துரைக்கின்றனர். தன் சொல்லே சட்டமாக இருந்த ஒரு முடிமன்னன், தனக்குக் கிடைத்த 'ஆம்' என்னும் சொல்லைப் புரட்டிப் பார்த்துப் பெற்றுக்கொண்டான். நாமோ அச்சொல்லைக் கேட்டவுடன் வாங்கிப் பையில் இட்டுக்கொள்கின்றோம். வகுப்பில் மாணவர் தலைவனைத் தெரிந்தெடுக்குங்கால், ஆசிரியர் ஒருவன் பெயரைச் சொல்லி 'இவன் இருக்கட்டுமா?' என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும் என்பது எம் தொழிலில் உள்ளார் அனைவரும் அறிந்ததே. கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் சற்றுத் தாமதித்து உயரும். அந்தத் தாமதத்தில்தான் உண்மை இருக்கும்.

இனி, காவியத்தை விட்டு நடந்த வரலாற்றுக்கு வருவோம். கட்சி அரசியல் பேசுதல் நம் நோக்கமன்று; பெரியோர் பலருடைய பெயர் வரும்; அவர்கள் அனைவரையும் வணங்கியே பேசுகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட இதே கேள்வி, நம் தேசத்தில் மிகப் பெரிய அளவில் எழுந்தது 1939 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில். முந்திய ஆண்டு ஹரிபுரா காங்கிரஸில் தலைமை வகித்த ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ், மறுமுறையும் அப்பதவிக்கு நின்றார். மௌலானா அபுல் கலாம் ஆசாத் நிற்பதாக இருந்து விலகிக்கொள்ள, டாக்டர் பட்டாபி சீதாராமய்யா எதிர்த்து நின்றார். அப்போது காரியக் கமிட்டியில் அங்கம் வகித்தவருள் எழுவர், சர்தார் வல்லபாய் படேல், பாபு ராஜேந்திர பிரசாத், ஆசாரிய கிருபளானி முதலாயினோர், ஓர் அறிக்கை வெளியிட்டனர். சிறப்பான காரணம் இருந்தாலன்றி முன்னிருந்தவரையே மீட்டும் தேர்ந்தெடுத்தல் வழக்கமன்று; தலைவர் தேர்தல் போட்டியின்றி ஒருமுகமாக நடத்தல் நன்று; ஆதலின் சுபாஷ் பாபு விலகி டாக்டர் பட்டாபிக்கு இடந்தர வேண்டும் என்பது அதன் சாரம்.

சுபாஷ் பாபு உடனே விடை பகர்ந்தார். காரியக் கமிட்டியின் அங்கத்தினர் இருவர்க்கிடையே போட்டி நிகழுங்கால், ஏனை அங்கத்தினர் அணியாகக் கூடி ஒரு பக்கம் சார்தல் எதிர்பார்க்கத் தக்கதன்று என்றார். அறிக்கை விடுத்தோர் தனித்த காங்கிரஸ்காரராக அதனை விடுக்கவில்லை, கமிட்டி அங்கத்தினர் என்ற முறையிலேயே விடுத்தனர். கமிட்டியோ அப்பொருளை ஆராய்ந்ததே இல்லை. இது நேர்மையாகுமா என்றும் வினவினார். அவரும் பதவியில் இருந்தவர்தாமே, தமக்குத் தாமே வோட்டுக் கேட்டாரன்றோ என்று நீங்கள் கேட்பது நம் செவியில் விழுகின்றது. அதுவும் ஒரு நியாயமே. ஆயினும் தம் பெயரைத் தாமே வெளிப்பட நிறுத்தித் தாமே தோல்விக்கும் ஆளாக நிற்பவர் வேறு. பிறன் ஒருவனை முன்னே நிறுத்தித் தம் பதவியின் கனத்தை அவன் தட்டில் வைப்பவர் வேறு.

அத்திங்கள் 29 ஆம் நாள் வோட்டு எடுக்கப்பட்டது. சுபாஷ் பாபுவுக்கு 1580, டாக்டர் பட்டாபிக்கு 1377. அதன்பின் நிகழ்ந்தவையே நாம் ஊன்றி நோக்கத் தக்கன. காந்தியடிகள் 1934 முதல் காங்கிரஸில் நாலணா அங்கத்தினர்கூட அல்லர்; பதவி யாதும் இல்லாதவர். ஆயினும் டாக்டர் பட்டாபியை விலகாமல் நிற்கச் செய்தது தாமே ஆதலின், அத்தோல்வி பட்டாபியினுடையது என்பதினும் தம்முடையதே என்று அவர் வெளியிட்டார். பிப்ரவரியில் காரியக் கமிட்டியின் அங்கத்தினருள் பெரும்பாலோர் விலகினர். மார்ச்சில் திரிபுரியில் கூடிய மகாசபை, புதிய கமிட்டியைக் காந்தியடிகளின் விருப்பப்படியே அமைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. வென்றவர் ஏப்ரல் இறுதியில் பதவி துறந்து, மே திங்களில் பார்வர்டு பிளாக்கைத் தோற்றுவித்தார். வோட்டெண்ணிக்கையில் வென்றவர்க்குக் காரியம் நடவாது போயிற்று. தோற்றவர் பக்கத்தார்க்கும் மனநிறைவு கிட்டவில்லை.

இது ஏன்? எழுவரும் தன்னலம் அற்றவர், தேசத்திற்காகச் சிறைபுகுந்தவர். அவர்கள் கருத்தில் பிழை இருந்தது என்று சொல்ல நமக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. எனினும் அவ்வறிக்கை செய்த வேலையைப் பாருங்கள். இருவர்க்கிடையே நிகழ்ந்திருக்க வேண்டிய ஒரு தேர்தல், அவ்வறிக்கையினால் மூத்தோர் அனைவர்மேலும் நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்கும் தேர்தலாக மாறிவிட்டது. அவர்கள் வாளா இருந்திருந்தால், டாக்டர் பட்டாபி ஓர் அபேட்சகராக 203 வோட்டில் தோற்றிருப்பார். மறுநாள் எல்லோரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கக் கூடும். பதவியில் உள்ளார் தம் கௌரவத்தைப் பணயமாக வைத்தமையால், தோல்வி தாங்கக் கூடாத தோல்வி ஆயிற்று. டாக்டர் பட்டாபியோ பின்னர் 1948 இல் தேர்தலில் நின்று காங்கிரஸ் தலைவரானார்.

நிற்க. நம் சென்னை இராச்சியத்தில் நடந்ததை இனிக் கூறுவாம். இதில் வேறொரு பாடம் உண்டு. 1952 இல் முதன்மந்திரியான ராஜாஜி அவர்கள், 1953 இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பற்றி எழுந்த எதிர்ப்பை இங்குள்ள மூத்தோர் அறிவர். அதனைக் குலக்கல்வி என்று நாட்டார் பெயரிட்டனர். அரைநாள் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோர் தொழில் என்னும் அத்திட்டம், ஏரையும் தறியையும் விட்டு எழுத்துக்கு வரத் துடித்த நம்போன்ற சமூகத்தார்க்கு எப்படிப் பட்டிருக்கும் என்பதை நாம் விரிக்க வேண்டுவதில்லை. 1954 இல் ராஜாஜி பதவி விலகலானார். தமக்குப் பின் திரு. சி. சுப்பிரமணியம் வரவேண்டும் என்பது அவர் விருப்பம். திரு. எம். பக்தவத்சலம் அவர் பெயரை முன்மொழிந்தார். எதிரே நின்றவர் திரு. காமராஜர். சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியில் வோட்டெடுத்தபோது காமராஜர்க்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41.

ஏப்ரல் 13 ஆம் நாள் காமராஜர் முதன்மந்திரியானார். தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் சிறிய மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். கடலூர்த் திரு. எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார்க்கும் அதில் இடம் கிடைத்ததை அக்காலத்துத் தென்னார்க்காட்டு ஜில்லாவினர் மறவார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 இல் அன்றோ? கல்வித் திட்டமும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. 1963 அக்டோபர் 2 ஆம் நாள் காமராஜர் தாமே விலகியபோது, அவ்விடத்துக்கு வந்தவர் அதே பக்தவத்சலம்.

1939 இன் தோல்வி முறிவில் முடிய, 1954 இன் தோல்வி ஏன் அவ்வாறு உடனே முறியவில்லை? வென்றவரின் பெருந்தன்மை ஒரு காரணம். அதனை எல்லோரும் சொல்வர். மற்றொன்றும் உண்டு. ராஜாஜியின் விருப்பம் எல்லோரும் அறிந்ததே ஆயினும், விருப்பம் விருப்பமாகவே நின்று, முடிவை வோட்டெடுப்புச் செய்தது. தலைவர் கைகாட்டியவரை மறுத்து 93 பேர் வோட்டளித்தனர். அவர்களுக்கு அதனால் உலகம் கவிழ்ந்துவிடவில்லை. காமராஜர்க்கும் இப்போட்டியின் இரு பக்கமும் தெரியும். 1940 இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைமைக்கு அவர் நின்றபோது அவர்க்குப் பின்பலமாக இருந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. எதிரே நின்ற திரு. சி. பி. சுப்பையா ராஜாஜி பக்கத்தவர். வேற்றுமை மூன்றே வோட்டு. வென்ற மாணாக்கரின் கீழே ஆசானாகிய சத்தியமூர்த்தி காரியதரிசியாக அமர்ந்து வேலை செய்தார். தம் ஆளை மேலேற்றிவிட்டு, ஏறியவனைப் பின்னிருந்து ஆட்டுவிக்க விரும்புவோர் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி இது. 1959 இல் ராஜாஜி சுதந்திரக் கட்சி கண்டது வேறு காரணங்களைப் பற்றியது; அதனை இதனோடு சேர்த்தல் முறையன்று.

தலைவர் தாமே தெரிந்து ஏற்றிய பின்னவர், தலைவர் நினைத்தபடியே நடப்பார் என்பதற்கும் உறுதியில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் தியோடர் ரூஸ்வெல்ட் பெருஞ்செல்வாக்கோடு ஆண்டு, 1908 இல் தம் மந்திரியாகிய டாப்ட் என்பவரையே தமக்குப் பின்னவராகத் தெரிந்து, கட்சியில் அவர்க்கு இடம் பண்ணி, தேர்தலில் வெல்வித்தார். நான்காண்டு செல்வதற்குள் இருவர்க்கும் பகை மூண்டது. 1912 இல் ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டு டாப்டை எதிர்த்து நின்றார். கட்சியின் வோட்டு இரண்டாகப் பிளந்தது. எதிர்க்கட்சியினராகிய வில்சன் வென்றார். டாப்டுக்குக் கிடைத்த தேர்வாளர் வோட்டு 8, ரூஸ்வெல்ட்டுக்கு 88, வில்சனுக்கு 435. வளர்த்தவர்க்கும் வளர்க்கப்பட்டவர்க்கும் வரும் பகை, பங்காளிப் பகையினும் கொடிது. ஒருவர் 'நான் ஏற்றிவிட்டேன்' என்பார். மற்றவர் 'ஊர் ஏற்றியது' என்பார். இருவர் சொல்லும் பாதி மெய்.

அப்படியானால் தலைவர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் எல்லாம் நன்றாகுமோ எனின், அதுவும் இல்லை. திரு. எம். ஜி. இராமச்சந்திரன் தமக்குப் பின் இன்னார் என்று வரையறுக்காமலே 1987 டிசம்பர் 24 இல் மறைந்தார். அவர் மனைவியார் தலைமையில் அமைந்த மந்திரி சபை ஒரு திங்கள்கூட நிலைக்கவில்லை, கட்சி இரண்டாயிற்று, 1989 தேர்தலில் ஒரு பிரிவுக்கு 27 இடம், மற்றொன்றுக்கு 2 இடம். ஆனால் பண்டித நேருவும் பின்னவர் பெயரைச் சொல்லாமலே 1964 மே 27 இல் மறைந்தார். அன்றே திரு. குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமராகப் பொறுப்பேற்றார். காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜர் பலரையும் கலந்து கருத்தறிந்தார். ஜூன் 9 ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரி பிரதமராகிவிட்டார். இரண்டிடத்தும் தலைவர் பெயர் சொல்லவில்லை. ஓரிடத்தில் பிளவு, ஓரிடத்தில் அமைதி. வேற்றுமை யாதெனின், ஓரிடத்தில் எப்படித் தேர்வது என்னும் முறை எல்லோரும் ஒப்பியதாக இருந்தது. மற்றோரிடத்தில் அஃது இல்லை. ஆகவே போகின்ற தலைவர் விட்டுச் செல்ல வேண்டுவது ஒரு பெயரன்று, ஒரு முறை.

முறை என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. நம் மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர் ஆட்சி இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் வழியில் தந்தைக்குப் பின் மகன் வந்தான். அங்கே வோட்டுக் கேட்பாரும் இல்லை, வோட்டுப் போடுவாரும் இல்லை. பின்னவன் யார் என்பது தொட்டிலிலேயே முடிவாகிவிடும். அது பழைய முறை, போயிற்று. அதனைச் சங்கத்தின் வாயில் வழியாக நாமே மறுபடி உள்ளே விடுதல் ஆகாது என்பதற்காகவே சொன்னோம்.

மற்றொரு முறையும் நம் தமிழ்நாட்டில் இருந்தது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919 இலும் 921 இலும் உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டிவைத்தது அது. அச்சபையில் நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே இடம். நம் முன்னோர் அங்கே வாயிலுக்கு வெளியே நின்றிருப்பர். அதனை மறைத்துப் பெருமை பேச நாம் விரும்பவில்லை. ஆயினும் பதவி கைமாறும் இடத்தில் அவர்கள் காட்டிய எச்சரிக்கை வியக்கத் தக்கது. ஊர் 30 குடும்பாகப் பிரிக்கப்பட்டது. 35 வயதுக்கு மேல், 70 க்கு உட்பட்டோரே தகுதியுடையோர். சென்ற மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது, அவர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் முதலாக ஒரு நீண்ட உறவுப் பட்டியலைக் கல்லிலேயே வெட்டி, அவர்களுக்கும் இடமில்லை என்றனர். தாம் வரமுடியாவிட்டால் தம் மைத்துனனை அனுப்பும் வழக்கம் அந்நாளிலும் இருந்திருக்கும் போலும்! இல்லாத நோய்க்கு எவரும் மருந்து எழுதி வைப்பதில்லை.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சபையார் இளையோரும் முதியோருமாகக் கூடியிருக்க, மூத்த நம்பியார் ஒருவர் குடத்தை எல்லோரும் காண எடுத்து நிற்பார். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதனை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும்; மறைத்து வைத்த ஓலை விரலிடுக்கில் இருக்கலாகாது. அவன் வாசித்ததை அங்குள்ள நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். பதவி விட்டுப் போகின்றவர் யாரும் இதில் எங்கும் கைநீட்ட இடமில்லை. அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: கணக்கைக் காட்டுவது.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். தேர்தல் அறிவிப்பு வெளியான நாள்முதல் முடிவு சொல்லும் நாள்வரை, தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் எவரும் எந்த அபேட்சகர்க்காகவும் வீடு வீடாகவோ கிளை கிளையாகவோ சென்று வோட்டுக் கேட்டல் ஆகாது என்று நம் விதியில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. சங்கத்துக் கடிதத்தாள், சங்கத்துக் கார், இந்த மாத இதழின் பக்கங்கள் இவை எவர்க்காகவும் பயன்படலாகாது. விடுதிச் சேர்க்கையும் கல்வி உதவியும் அறிவிப்புக்கு முன்னரே முடிந்துவிட வேண்டும். முடியாதனவற்றைப் புதிய நிருவாகம் பார்த்துக்கொள்ளட்டும். திண்ணையில் அமர்ந்த தந்தையின் காதில் ஒரு குரல் மட்டுமே விழும்படி செய்ய இதுவன்றி வேறு வழி நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் தலைவருடைய நாவைக் கட்டுவதும் நியாயமன்று என்று முன்னரே கூறினோம். அவர் உள்ளத்தில் உள்ளதை ஊர் அறியாமலா இருக்கும்? நம் ஊர்களில் சொல்லாத செய்திதான் சொன்ன செய்தியினும் விரைவாகப் பரவுவது. ஆதலின் அவர் சொல்ல விரும்பினால், இப்பொதுக்கூட்ட மேடையில், அபேட்சகர் எல்லோரும் முன்னிலையில் இருக்க, ஒரு முறை சொல்லட்டும். பெயரோடு காரணத்தையும் சொல்லட்டும். அவர் பெயர் சொல்லாத அபேட்சகரும் எழுந்து அதற்கு விடை கூறட்டும். தயரதன் வேந்தரைக் கேட்ட அந்த இரண்டாம் வினாவை நம் தலைவரும் கேட்கட்டும். அதன்பின் அவர் வீட்டுக்குப் போய் இளைப்பாறலாம். நம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் 1949 இல் சென்னையின் பிரதம மந்திரி பதவியை விட்டபின் வடலூரில் வள்ளலார் திருப்பணியிலும் கல்விப் பணியிலும் ஈடுபட்டார். பதவிக்கு வெளியே செய்யத் தக்க வேலை உடையவர்க்கு, உள்ளே ஒரு பதுமையை வைத்துவிட்டுப் போக வேண்டிய தேவை இராது. நம் தலைவர் அவர்கட்கும் வேலை காத்திருக்கின்றது. கூகையூர்ப் பக்கத்து மாணவர்க்கு மாலை வகுப்புத் தொடங்க வேண்டும் என்று அவர்களே பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

சிலர், தலைவர் சொல்லைத் தடுத்தால் பணமுடையவன் சொல் உள்ளே வந்துவிடுமே என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் மெய்யானதே. தலைவரின் மௌனத்தால் மட்டும் நல்லவர் வந்துவிடுவர் என்று நாம் வாக்களிக்க இயலாது. ஆனால் பணம் கொடுத்து வந்தவனை அடுத்த தேர்தலில் ஊர் வெளியேற்ற முடியும், முறை கெடாமல் இருந்தால். தலைவர் கைப்பிடித்து ஏற்றியவன் தவறினால், அவனை நீக்குவது தலைவரையே அவமதித்ததாகும் என்று நல்லவர்களும் வாய்மூடி இருந்துவிடுவர். எது பெருந்தீங்கு என்பதை நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

வோட்டெடுப்புக்கு முன் அம்மேடையிலேயே கணக்கு வாசிக்கப்பட வேண்டும். வோட்டுச் சீட்டை மடித்துப் பெட்டியில் இட வேண்டும்; கைதூக்கும் வழக்கம் இவ்வாண்டோடு ஒழியட்டும். பதவியில் இல்லாத மூவர், கிளைக்கு ஒருவராக, பெட்டியைக் காக்கட்டும். முடிவு தெரிந்த ஏழு நாளுக்குள் அலமாரிச் சாவியும், வங்கிப் புத்தகமும், விடுதிச் சரக்குப் பட்டியும் கையொப்பத்துடன் கைமாற வேண்டும். இருவர்க்கு ஒத்த எண்ணிக்கை வந்தால் என் செய்வது என்பதற்கு நம் விதியில் இதுவரை ஒன்றும் இல்லை. அதற்கு அக்கிராசனர்க்குத் தனி வோட்டுக் கொடுக்கலாம் என்று சபையில் ஒருவர் சொன்னார். பின்வாயில் வழியாகப் பழைய நோயே வரும் ஆதலின் அது வேண்டா. சீட்டெழுதிக் குடத்தில் இடுவோம்; நம் விடுதியின் மிக இளைய மாணவன் எடுக்கட்டும்; வாங்குபவர் ஐந்து விரலும் விரித்து வாங்கட்டும்.

இத்திருத்தத்தின் வாசகத்தை எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்துள்ளோம். பிற்பகல் கூட்டத்தில் அது வாசிக்கப்படும். சங்கராபுரத்தாரும் சின்னசேலத்தாரும் அதில் திருத்தம் சொல்லலாம்.